மாணவர் பட்ஜெட்டில் சுவிஸ் நகரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி என்று பக்கத்து நாடுகளில் படிக்கும் நம் மாணவர்கள் விடுமுறை நெருங்கும்போது கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். சுவிட்சர்லாந்தில் காசைக் கரைப்பவை ரயிலும் உணவகமும்தான். இந்த இரண்டையும் முன்கூட்டியே திட்டமிட்டால், ஏரி, ஆறு, பழைய நகரத் தெருக்கள், மலைக்காட்சி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். விலைகள் எல்லாம் சுவிஸ் பிராங்கில். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும்.

1. ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கிறேன். சுவிஸ் போக தனியா விசா எடுக்கணுமா?

வேண்டாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் 2008 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஷெங்கன் நாடு ஒன்றின் வசிப்பிட அனுமதி அட்டை கையில் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். பிரிட்டனிலோ அயர்லாந்திலோ படிப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும்.

பாஸ்போர்ட், வசிப்பிட அட்டை இரண்டின் அசலும் கூடவே இருக்கட்டும். எல்லையில் ரயிலிலும் பேருந்திலும் அதிகாரிகள் ஏறிப் பார்ப்பது உண்டு. போனில் இருக்கும் படத்தை ஏற்க மாட்டார்கள்.

2. யூரோ இருந்தா போதாதா? போன், சார்ஜர் எல்லாம் அப்படியே வேலை செய்யுமா?

பல கடைகளில் யூரோ நோட்டை வாங்குவார்கள். ஆனால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை, மீதியும் பிராங்காகத்தான் வரும். கார்டு போதும். இயந்திரம் "யூரோவா, பிராங்கா" என்று கேட்டால் பிராங்கையே தேர்ந்தெடுங்கள். யூரோவைத் தொட்டால் மாற்று விலையை உங்கள் வங்கி நிர்ணயிக்காது; இயந்திரக்காரர் நிர்ணயிப்பார், அது பெரும்பாலும் கூடுதல். சந்தைக் கடைகளுக்கும் மலைக் குடில்களுக்கும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஒன்றியத்துக்குள் செல்லும் இலவச ரோமிங் சுவிஸில் தானாகச் செல்லாது. உங்கள் பிளானில் சுவிட்சர்லாந்து என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். ஜெனீவா, பாசெல் போன்ற எல்லை ஊர்களில் போன் நாடு மாறி மாறிக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

தட்டையான உடலும் இரண்டு வட்ட முள்ளும் உள்ள ஐரோப்பிய சார்ஜர் சுவிஸ் பிளக்கில் நுழையும். ஜெர்மன் லேப்டாப்களின் பெரிய வட்ட பிளக் நுழையாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

3. நாலு நாள் இருக்கு. எந்த ஊர்ல தங்கி எங்கெல்லாம் போறது?

தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறாதீர்கள். நாடு சிறியது. சூரிச்சிலிருந்து லூசெர்ன் 45 நிமிடம் சுமார், பெர்ன் ஒரு மணி நேரம். லூசெர்னிலிருந்து பெர்னும் பாசெலிலிருந்து பெர்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெர்னிலிருந்து ஜெனீவா மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் இருப்பது பெர்ன் என்பதால், அங்கே மூன்று இரவு தங்கி மற்ற ஊர்களுக்குப் போய்வருவதே எங்கள் பரிந்துரை. அறை வாடகையும் சூரிச், ஜெனீவாவை விடப் பெரும்பாலும் குறைவு.

பெர்னிலிருந்து லொசான், ஜெனீவா பக்கம் போகும்போது இடதுபுற ஜன்னலில் உட்காருங்கள். புய்டூ அருகே சுரங்கத்தைவிட்டு ரயில் வெளியே வரும் நொடியில் ஜெனீவா ஏரி முழுவதும், அதை ஒட்டிச் சரியும் லாவோ திராட்சைத் தோட்டங்களும் கீழே விரியும். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. சுரங்கத்துக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

4. ரயில் டிக்கெட் விலையைப் பாத்தா தலை சுத்துது. எதை வாங்குறது?

சூரிச்-பெர்ன் ஒருவழி முழு டிக்கெட் 50 பிராங்குக்கு மேல். சூரிச்-ஜெனீவா 90-ஐத் தாண்டும். இந்த விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நாள் முடிவாகிவிட்டால் 'சேவர் டே பாஸ்' எடுங்கள். அந்த ஒரு நாள், மறுநாள் காலை ஐந்து மணி வரை, நாடு முழுக்க ரயில், பேருந்து, பெரும்பாலான ஏரிப் படகுகள், ஊருக்குள் டிராம் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாம் வகுப்பு 52 பிராங்கில் தொடங்கும், 'ஹாஃப் ஃபேர்' எனும் பாதிக் கட்டண அட்டை இருந்தால் 29. பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பல மாதம் முன்பே விற்பனை தொடங்கிவிடும், அதனால் நாள் தெரிந்தவுடன் வாங்குவதே லாபம்.

நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள், எல்லோரும் 25 வயது நிரம்பாதவர்கள் என்றால், இளைஞர் 'ஃபிரெண்ட்ஸ் டே பாஸ்' இருக்கிறது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு 80 பிராங்க், தலைக்கு 20. இதை மிஞ்சிய பேரம் சுவிஸில் இல்லை. குழுவில் ஒருவருக்கு 25 ஆகியிருந்தாலும் அவர் இதில் சேர முடியாது.

'சூப்பர்சேவர்' என்பது வேறு. குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் தள்ளுபடியில் கிடைக்கும் டிக்கெட். அதன் சிக்கலை 16-ஆம் கேள்வியில் பாருங்கள். 'சுவிஸ் டிராவல் பாஸ்' தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் தினமும் சுற்றி, அருங்காட்சியகங்களும் பார்ப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 25 வயதுக்குக் கீழே இருந்தால் அதில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு.

5. ஸ்டேஷன்ல கேட்டே இல்ல, யாரும் செக் பண்ணல. ஏறினப்புறம் போன்ல டிக்கெட் எடுக்கலாமா?

கூடாது. ரயில் நகர்வதற்கு முன்பே டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். ஆப்பில் வாங்கிய நேரம் நொடி வரை பதிவாகும். பரிசோதகர் அதைத்தான் முதலில் பார்ப்பார். பரிசோதகரைக் கண்டதும் வாங்கிய டிக்கெட்டும் டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் முதல் முறையே 100 பிராங்க் அளவில் வரும், அடுத்தடுத்த முறை கூடும். பெயரும் பதிவாகும்.

எந்த டிக்கெட் என்று குழப்பமாக இருந்தால் சுவிஸ் ரயில்வேயான எஸ்.பி.பி.யின் ஆப்பில் 'ஈஸிரைட்' இருக்கிறது. ஏறும் முன் ஒரு முறை தள்ளினால் பயணம் தொடங்கும், இறங்கியதும் மறுபடி தள்ளினால் முடியும். இறங்கிய பிறகு நிறுத்த மறப்பதும், வழியில் போன் சார்ஜ் தீர்ந்துபோவதும்தான் இதில் நடக்கும் தவறுகள். இரண்டாம் வகுப்புப் பெட்டியில் 2 என்ற எண் கதவருகே பெரிதாக இருக்கும், பார்த்து ஏறுங்கள்.

6. ஊருக்குள்ள டிராம், பஸ்ஸுக்கு தனியா காசு கட்டணுமா?

டே பாஸ் இருக்கும் நாளில் வேண்டாம். இல்லாத நாளிலும் பல ஊர்களில் தங்கும் விடுதியே இலவசப் பயண அட்டை தரும். பெர்ன், பாசெல், ஜெனீவா, லொசான், லூசெர்ன் ஐந்திலும் இது உண்டு. ஹாஸ்டலில் தங்கினாலும் உண்டு. பெரும்பாலும் முன்பதிவு செய்ததும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், அதைத் திறந்து பதிவிறக்க வேண்டும். பார்க்காமல் விட்டுவிட்டு விமான நிலையத்தில் டிக்கெட் வாங்குபவர்கள் நிறையப் பேர். சூரிச்சில் இப்படி இலவச அட்டை கிடையாது.

7. ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்? கேட்டாலே பயமா இருக்கே.

உணவகத்தில் மூன்று வேளையும் உட்கார்ந்தால் 80 பிராங்க் போய்விடும். சூப்பர்மார்க்கெட்டை நம்பினால் 15 முதல் 20-க்குள் வயிறு நிறையும். மிக்ரோஸ், கோப் இரண்டும் எல்லா ஊரிலும் உண்டு. டென்னர், ஆல்டி, லிடில் இன்னும் மலிவு. மிக்ரோஸில் 'எம்-பட்ஜெட்', கோப்பில் 'ப்ரீ கரந்தீ' என்ற பெயரில் வருபவை அந்தந்தக் கடையின் மலிவுப் பொருட்கள். அரைக் கிலோ ரொட்டி இரண்டு மூன்று பிராங்க். அதோடு ஒரு துண்டு சீஸ், தக்காளி, தயிர் வாங்கி ஏரிக்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, உள்ளூர் அலுவலகக்காரர்களும் மதியம் அதைத்தான் செய்கிறார்கள். கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் சாண்ட்விச், சாலட் டப்பாக்களில் 25, 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் மிக்ரோஸ், கோப் கடைகளோடு சேர்ந்திருக்கும் சுயசேவை உணவகங்களுக்குப் போங்கள். நல்ல உணவகத்தில் உட்கார ஆசையென்றால் மதியம் போங்கள். ஜெர்மன் பேசும் பகுதியில் 'டாகஸ்டெல்லர்', பிரெஞ்சு பேசும் பகுதியில் 'ப்ளா டு ஜூர்' என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு 18 முதல் 25-க்குள் முடியும். இரவில் அதே நாற்காலிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது, டிப்ஸ் கட்டாயமில்லை.

8. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்குமாமே? பட்டினியா?

ஊருக்குள் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையும் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் மட்டும் ஞாயிறும் இரவு வரை திறந்திருக்கும். சூரிச், பெர்ன், பாசெல், லூசெர்ன், ஜெனீவா ஐந்திலும் உண்டு. மாலையில் கூட்டம் முட்டும், காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

9. தண்ணி பாட்டில் வாங்கணுமா?

வாங்கவே வேண்டாம். தெருமுனை நீரூற்றுகளில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். சூரிச்சில் மட்டும் 1200-க்கு மேல். குடிக்கக் கூடாத இடத்தில் 'கைன் டிரிங்க்வாஸர்' அல்லது 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருக்கும். உணவகத்தில் குழாய் நீருக்கும் காசு போடுவார்கள், அதனால் பாட்டிலை வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

10. பெர்ன் சின்ன ஊர்தானே, என்ன பாக்க இருக்கு?

நாங்கள் ஒரே ஒரு ஊரைத்தான் சொல்லலாம் என்றால் பெர்னைத்தான் சொல்வோம். ஆரே ஆறு மூன்று பக்கம் வளைந்து ஓடும் பழைய நகரம் அது, 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தெருவின் இருபுறமும் கல் வளைவுகளுக்குக் கீழே ஆறு கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை ஓடுகிறது, மழை பெய்தாலும் குடையில்லாமல் ஊர் சுற்றலாம்.

சைட்க்ளோகெ மணிக்கூண்டை எல்லோரும் மணி அடிக்கும்போது வந்து பார்த்து ஏமாறுகிறார்கள். பொம்மையாட்டம் மணி அடிப்பதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே தொடங்கிவிடும். கிழக்குப் பக்கம், கிராம்காஸே தெருவில் நில்லுங்கள். முதலில் சேவல் கூவும், கோமாளி தலைக்கு மேலிருக்கும் மணிகளை ஆட்டுவான், குட்டிக் கரடிகள் வரிசையாகச் சுற்றி வரும், பிறகு காலதேவன் கையிலிருக்கும் மணற்கடிகாரத்தைத் திருப்புவார். அதே தெருவில் 49-ஆம் எண் வீட்டில்தான் ஐன்ஸ்டைன் குடியிருந்தார். தெருவின் கடைசியில் பாலம் தாண்டினால் கரடிப் பூங்கா, அதற்கு மேலே ரோசங்கார்டன் எனும் ரோஜாத் தோட்டம். இரண்டும் இலவசம். மாலை வெளிச்சத்தில் ரோசங்கார்டனிலிருந்து ஊர்க் கூரைகளைப் பாருங்கள்.

11. லூசெர்ன்ல பாலம் பாத்தாச்சுன்னா முடிஞ்சுதா?

இல்லை. மரப்பாலம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1993 ஆகஸ்ட் தீவிபத்தில் அதன் உட்கூரை ஓவியங்களில் பெரும்பகுதி கருகிவிட்டது. நடுவில் ஓவியமில்லாமல் நீளும் இடைவெளி அதனால்தான். அங்கிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் பாறையில் குடைந்த சிங்கம். 1792-இல் பாரிஸில் இறந்த சுவிஸ் காவல்வீரர்களின் நினைவாக 1821-இல் திறந்தது.

பலரும் விட்டுவிடுவது மூசெக் மதில். ஒன்பது கோபுரங்களில் சிலவற்றில் ஏறலாம், இலவசம், குளிர்காலத்தில் மூடியிருக்கும். சைட் கோபுரத்தின் கடிகாரத்துக்கு ஊரின் மற்ற கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முன்பாக மணி அடிக்கும் உரிமை உண்டு. மணி அடிக்கும் நேரத்தில் அங்கே இருந்தால் காதால் கேட்கலாம்.

12. சூரிச், ஜெனீவா, பாசெல்: மூணையும் பாக்கணுமா, ஏதாவது விட்டுடலாமா?

சூரிச்சுக்கு அரை நாள் போதும். லிண்டன்ஹோஃப் மேட்டிலிருந்து ஆறு, பாலங்கள், கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். எதிரே செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் 8.7 மீட்டர் குறுக்களவுக் கடிகார முகம். பிறகு பாலிபான் எனும் சிறு மலையேற்ற ரயிலில் ஏறி இ.டி.ஹெச். பல்கலைக்கழக மொட்டைமாடி. தெளிவான நாளில் பனிமலைகள் வரை தெரியும்.

ஜெனீவா படிப்பு ஆர்வத்தைப் பொறுத்தது. அறிவியல், பொறியியல் மாணவர்கள் செர்ன் எனும் அணுத்துகள் ஆய்வகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. நிலையத்திலிருந்து 18-ஆம் எண் டிராமின் கடைசி நிறுத்தம். 2023-இல் திறந்த 'சயின்ஸ் கேட்வே' காட்சியகம் இலவசம், திங்கள் விடுமுறை. வழிகாட்டியுடன் சுற்ற விரும்பினால் அன்று காலையிலேயே போய் அங்கேயே பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 140 மீட்டர் உயர நீரூற்று பலத்த காற்றில் நிறுத்தப்படும். ஏரியைக் கடக்கும் மஞ்சள் படகுகளுக்கு 6-ஆம் பதிலில் சொன்ன அட்டையே போதும்.

நேரம் குறைந்தால் பாசெலை விடலாம். ஓவியம், கட்டடக்கலை பிடித்தவர்கள் விடாதீர்கள். மோட்டார் இல்லாமல், கம்பியில் கட்டி, ரைன் ஆற்றின் ஓட்டத்தையே விசையாகக் கொண்டு கரை மாறும் நான்கு சிறு படகுகள் அங்கே உண்டு. டே பாஸ் செல்லாது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

13. யுங்ஃப்ராவ்யோக் போகாம வந்தா சுவிஸ் போனதா அர்த்தமா?

3454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்கு இன்டர்லாகனிலிருந்து போய்வர முழு விலை 200 பிராங்குக்கு மேல். மேகம் மூடினால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் திரைதான். அன்று காலை இணைய கேமராவைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது ரிகி. லூசெர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து 1871-இல் தொடங்கிய பல்சக்கர ரயிலில் அரை மணி நேரம். 1798 மீட்டர் உச்சியில் ஒரு பக்கம் ஆல்ப்ஸ், மறுபக்கம் ஏரிகள். சுவிஸ் டிராவல் பாஸில் ரிகி இலவசம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சமவெளி நகரங்களின் மேல் சாம்பல் மூடுபனி நாட்கணக்கில் படுத்திருக்கும். அதே நாளில் அதற்கு மேலே உள்ள மலைகளில் வெயில் அடிக்கும். கீழே இருட்டாக இருக்கிறதே என்று பயணத்தைக் கைவிடாமல் கேமராவைப் பாருங்கள். நவம்பரில் பல கம்பிவட வண்டிகள் பராமரிப்புக்காக மூடும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

14. ஃபாண்ட்யூ சாப்பிடாம வரக்கூடாதுன்னு சொல்றாங்க. அதுல சாராயம் இருக்காமே?

இருக்கிறது. வழக்கமான 'மொய்தியே-மொய்தியே' ஃபாண்ட்யூ பாதி க்ரூயேர், பாதி வஷ்ரான் சீஸ். வெள்ளை ஒயினில் உருக்கி, கிர்ஷ் என்னும் செர்ரிச் சாராயமும் சேர்ப்பார்கள். கொதித்தாலும் ஆல்கஹால் முழுவதும் போகாது. அது வேண்டாதவர்கள் ஃப்ரிபூர் ஊருக்குப் போகலாம், பெர்னிலிருந்து ரயிலில் 20 நிமிடம் சொச்சம். அங்கே வஷ்ரானை மட்டும் தண்ணீரில் உருக்கிச் செய்யும் வகை உண்டு. ஒயின் சேர்க்கவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவகத்தில் தலைக்கு 25 முதல் 35 பிராங்க். சமையலறை உள்ள ஹாஸ்டலில் இரண்டு பேருக்கு நீங்களே செய்யலாம். துருவிய சீஸ் 400 கிராம், புளிப்பான ஆப்பிள் சாறு சுமார் 175 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி, சோளமாவு இரண்டு தேக்கரண்டி. கனமான பாத்திரத்தின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, சாற்றில் மாவைக் கரைத்து, சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். கொதிக்கவிட்டால் கொழுப்பு தனியாகவும் சீஸ் ரப்பர் உருண்டையாகவும் பிரிந்துவிடும். பிரிந்தால் இன்னும் கொஞ்சம் எலுமிச்சையில் சோளமாவைக் கரைத்து ஊற்றி வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். ரொட்டித் துண்டு ஒவ்வொன்றிலும் மேலோடு இருக்கட்டும், இல்லையென்றால் முள்ளிலிருந்து நழுவும். அடியில் பிடிக்கும் மொறுமொறுப்பான ஏட்டைச் சுரண்டி எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்.

15. நான் சுத்த சைவம். சீஸ் சாப்பிட்டா பிரச்சினை இல்லதானே? மத்ததுல என்ன பாக்கணும்?

இங்கேதான் கவனம் வேண்டும். க்ரூயேர் போன்ற பாரம்பரிய சுவிஸ் சீஸ்கள் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைக்கப்படுபவை. அதைத் தவிர்ப்பவர்கள் சூப்பர்மார்க்கெட்டில் 'வி-லேபிள்' முத்திரையில் 'வெஜிடேரியன்' என்று இருக்கும் சீஸைத் தேடுங்கள். சில இனிப்புகளிலும் புட்டிங்குகளிலும் ஜெலட்டின் உண்டு.

ரோஸ்டி என்பது துருவிய உருளைக்கிழங்கு வறுவல்தான், ஆனால் பல இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், சிலர் பன்றிக் கொழுப்பிலேயே வறுப்பார்கள். 'ஓனே ஷ்பெக்' என்றால் பன்றித் துண்டு வேண்டாம் என்று பொருள். 'ஷ்மால்ட்ஸ்' என்பது அந்தக் கொழுப்பு. எல்ப்ளர்மக்ரோனன் எனும் பாஸ்தா, உருளை, சீஸ் கலவைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். கூட ஆப்பிள் கூழ் வரும், அதைக் கலந்து சாப்பிட வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு: 'கால்ப்' என்பது கன்றிறைச்சி, சூரிச்சின் பெயர்பெற்ற கெஷ்னெட்ஸல்டஸ் எனும் உணவு அதில் செய்வதுதான். செர்வெலா சாசேஜில் மாடும் பன்றியும் இரண்டும் உண்டு.

கவலையில்லாமல் சாப்பிட, சூரிச்சில் 1898 முதல் இயங்கும் ஹில்ட்ல் சைவ உணவகம், பல ஊர்களில் கிளை உள்ள டிபிட்ஸ். இரண்டிலும் பஃபே எடை போட்டு விலை, 100 கிராமுக்கு நான்கு ஐந்து பிராங்க். குழம்பும் சோறும் எடை கூட்டும். வறுவல், சாலட், பயறு வகைகளாக எடுத்தால் தட்டு நிறையும், பில் ஏறாது.

சோறு இல்லாமல் முடியாதென்றால்: 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்நாட்டில் வாழ்கிறார்கள். பெரிய ஊர்களில் தமிழ்க் கடைகள் உண்டு, சிலவற்றில் ரோல்ஸ், வடை, கொத்து ரொட்டி கிடைக்கும். பெர்னில் யூரோபாபிளாட்ஸ் நிறுத்தத்தில் இருக்கும் 'மதங்களின் இல்லம்' கட்டடத்துக்குள்ளேயே சிவன் கோயில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் நெய், பால் இனிப்பு எடுத்துவராதீர்கள், சுங்கத்தில் பறிமுதலாகும். பொடி, ஊறுகாய் போதும்.

16. சூப்பர்சேவர் எடுத்தேன், ரயிலை விட்டுட்டேன். அடுத்ததுல ஏறலாமா?

யாருடைய தாமதம் என்பதைப் பொறுத்தது. நீங்கள் நிலையத்துக்குத் தாமதமாக வந்தால் அந்த டிக்கெட் முடிந்தது, பணமும் திரும்பாது. புதிதாக வாங்கியே ஏற வேண்டும், இல்லையென்றால் 5-ஆம் பதிலில் சொன்ன அபராதம். முந்தைய ரயில் தாமதமாகி இணைப்பு தவறியிருந்தால் அடுத்த ரயிலில் போகலாம். பரிசோதகர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. விமானத்திலிருந்து இறங்கிப் பிடிக்கும் ரயிலுக்கு சூப்பர்சேவர் வேண்டாம், அன்றைக்கு டே பாஸ்தான் சரி.

17. கோடையில எல்லாரும் ஆத்துல மிதந்து போறாங்களே. நாங்களும் இறங்கலாமா?

நன்றாக நீந்தத் தெரிந்தால் மட்டும். குளத்தில் பழகிய நீச்சல் போதாது. பெர்னில் ஆரேயின் ஓட்டம் வேகமானது, நீர் பனிமலைகளிலிருந்து வருவது, ஜூலையிலும் 20 டிகிரியை எட்டாத நாட்கள் பல. மார்ட்ஸிலி குளியலிடம் இலவசம். அங்கிருந்து ஆற்றோரமாக மேலே நடந்து இறங்கி, மிதந்து, கரையிலுள்ள சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறுவார்கள். கம்பிக்குப் பல மீட்டர் முன்பே கரைப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். கீழே தடுப்பணை இருக்கிறது, கடைசிக் கம்பியைத் தவறவிடுவது உயிராபத்து. மழைக்கு மறுநாள் நீர் கலங்கியிருந்தால் உள்ளூர்க்காரர்களே இறங்க மாட்டார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் மார்ட்ஸிலி புல்வெளியில் உட்காருங்கள். அங்கே தனி நீச்சல்குளங்களும் உண்டு. சூரிச்சில் ஆற்றோரம் இருக்கும் ஓபரர் லெட்டன் குளியலிடமும் இலவசம், படிகளில் கால் நனைத்து உட்கார இடமிருக்கிறது.